பதின்மூன்றாவது மாதம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஆயுள் காப்பீட்டுத் துறையில் வளர்ச்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "ஆயுள் காப்பீட்டு விற்பனையில் வாடிக்கையாளர் உறவு". இது விற்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிற விஷயம் ஆயிற்றே, வாங்குகிறவர்கள் கூடியிருக்கும் இடத்தில் எதற்கு என்று முதலில் நினைத்தேன். ஆனால் நம் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒரு பாலிசியாவது இருக்கிறது. யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனி பெயர் முதலில் வராது. "ஊர்ல எங்க சித்தப்பா போட்டுக் கொடுத்தார்" என்பார்கள். "பழைய ஆபீஸ்ல கூட இருந்தவரோட வீட்டம்மா" என்பார்கள். "லோன் போட்டப்போ பேங்க்லயே சேர்த்துட்டாங்க" என்பார்கள். ஆக, உங்களுக்குப் பாலிசியை விற்றது ஒரு பழக்கம், ஒரு உறவு. அந்த உறவு இப்போது உங்களுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஃபிரிட்ஜ் வாங்கினால் குளிர்கிறதா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். டேர்ம் பாலிசி வாங்கினால் அது வேலை செய்ததா என்று பார்க்க வாங்கியவர் இருக்க மாட்டார். எண்டோமென்ட் வாங்கினால் 20 வருடம் கழித்துத்தான் தெரியும். சோதித்துப் பார்க்க முடியாத பொருளை மனிதன் எதை நம்பி வாங்குவான்? விற்கிற ஆளை நம்பித்தான். அதனால்தான் 1956 செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களை ஒன்றாக இணைத்து எல்.ஐ.சி. தொடங்கியபோதும் சரி, கைப்பேசியிலேயே எல்லாம் வாங்கிவிடலாம் என்று ஆன இன்றைக்கும் சரி, இந்த வியாபாரம் ஆளை வைத்தே நடக்கிறது. எல்.ஐ.சி.க்கு மட்டும் சுமார் 14 லட்சம் ஏஜென்ட்கள். தனிநபர் பாலிசிகளில் அதற்கு வரும் புது வியாபாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அவர்கள் வழியாகத்தான். தனியார் நிறுவனங்களுக்குப் பாதிக்கு மேல் வங்கிகள் வழியாக வருகிறது; அங்கேயும் உங்கள் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த ஒருவர்தான் போன் செய்கிறார்.

இதுவரை யாருக்கும் தெரிந்த கதை. பழக்கம் இருந்தால் பாலிசி விற்கும். ஆனால் விற்ற பாலிசி நிற்குமா? துறையில் இருக்கிறவர்கள் ஒரு ஏஜென்ட்டை எடைபோடுவது அதை வைத்துத்தான். அதற்கு 'பெர்சிஸ்டன்சி' என்று ஒரு கணக்கு உண்டு. தமிழில் தொடர்ச்சி விகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்ற பாலிசிகளில் எத்தனை 13வது மாதத்தில் தொடர்கின்றன, 25, 37, 49, 61வது மாதங்களில் எத்தனை தொடர்கின்றன என்று பார்ப்பார்கள். அது ஏன் 13? வருடம் ஒருமுறை கட்டுகிற பாலிசியில் இரண்டாவது பிரீமியம் விழுவது 13வது மாதத்தில். முதல் பிரீமியத்தை முகத்துக்காகக் கட்டிவிடலாம். இரண்டாவதை யாரும் முகத்துக்காகக் கட்ட மாட்டார்கள்.

2023-24ஆம் ஆண்டுக்கு எல்.ஐ.சி. வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பிரீமியத் தொகையை வைத்துப் பார்த்தால் 100 ரூபாய்க்கு 13வது மாதத்தில் தொடர்ந்தது சுமார் 78 ரூபாய். 61வது மாதத்தில் சுமார் 61 ரூபாய். பாலிசி எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இன்னும் குறைவு. அதாவது, நாட்டின் மிகப் பெரிய, மக்கள் மிக நம்பும் நிறுவனத்திலேயே ஐந்து வருடம் முடிவதற்குள் நூற்றுக்கு நாற்பது ரூபாய் அளவு நழுவிப் போகிறது. உறவு எல்லாப் பாலிசிக்கும் இருந்தது. ஆனால் நின்றது பாதியை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். வருடம் 30,000 ரூபாய் பிரீமியம், 20 வருட எண்டோமென்ட். நீண்ட காலம் நடைமுறையில் இருந்த விகிதப்படி, முதல் வருடம் போனஸ் கமிஷனையும் சேர்த்து நூற்றுக்கு 35 வரை ஏஜென்ட்டுக்குக் கிடைக்கும். அது 10,500 ரூபாய். இரண்டாம், மூன்றாம் வருடம் ஏழரை சதவீதம், அதாவது 2,250 வீதம் 4,500. நான்காம் வருடத்திலிருந்து ஐந்து சதவீதம், 1,500 வீதம் 17 வருடத்துக்கு 25,500. மொத்தம் 40,500. இதில் முதல் வருடத்துக்குப் பிறகு வருவது மட்டும் 30,000. அதாவது ஏஜென்ட்டின் வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தப் பாலிசி உயிரோடு இருந்தால்தான் வரும். அவர் இறந்துவிட்டால், விதிகளுக்கு உட்பட்டு, வாரிசுக்கும் வரும். அதனால்தான் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் சிலர் புதிதாக எதுவும் விற்காமலே சௌகரியமாக வாழ்வதைப் பார்க்கிறீர்கள். ஓடிப்போகிறவர்களும் இதே தொழிலில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு 10,500 மட்டும் தெரியும். மீதி 30,000 துளித்துளியாக வருவது, அதற்கு 19 வருடம் உங்கள் வீட்டுப் படியேற வேண்டும். 2023க்குப் பிறகு கமிஷன் விதிகள் மாறின. 2024 அக்டோபரில் சரண்டர் விதி மாறியதும் சில நிறுவனங்கள் முதல் வருடக் கமிஷனைக் குறைத்துவிட்டன. திசை சரியானது என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் பக்கக் கணக்கு இன்னும் கசப்பு. பழைய விதிப்படி எடுத்த எண்டோமென்ட்டில் ஒரே ஒரு பிரீமியம் கட்டி நிறுத்தினால் ஒரு பைசா திரும்ப வராது. புதிய விதியில், ஒரு வருட பிரீமியம் முழுதாகக் கட்டி அந்த வருடமும் முடிந்திருந்தால் ஓரளவு கிடைக்கும். மோனிகா ஹாலன், ரேணுகா சனே, சூசன் தாமஸ் மூவரும் 2014ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். யூலிப் பாலிசிகளைத் தவறாக விற்றதாலும் அவை லேப்ஸ் ஆனதாலும் 2005 முதல் 2012 வரையிலான காலத்தில் மக்கள் இழந்தது சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் என்பது அவர்கள் மதிப்பீடு. அதை விற்றவர்களும் முகம் தெரியாதவர்கள் அல்ல.

இன்னொரு ஆய்வும் உண்டு. அனகோல், கோல், சர்க்கார் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், வாடிக்கையாளர் போல ஆட்களை இந்திய ஏஜென்ட்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். அது 2017ல் வெளியானது. டேர்ம் பாலிசிதான் பொருத்தமானது என்ற நிலையிலும் பெரும்பாலானவர்கள் கமிஷன் அதிகமுள்ள ஹோல் லைஃப் பாலிசியையே சிபாரிசு செய்தார்கள். நான் கவனித்தது அதிலுள்ள வேறொரு விஷயம். வந்தவர் தப்பான எண்ணத்தோடு வந்தால், ஏஜென்ட் அதைத் திருத்துவதில்லை, அதற்கு ஒத்து ஊதினார். நாம் நல்ல பழக்கம் என்று நினைப்பதில் பாதி இதுதான். நாம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவரைத் தங்கமான மனுஷன் என்கிறோம்.

சரி, நிற்கிற பாலிசியை விற்கிறவர் என்ன செய்கிறார்? எனக்குத் தெரிந்து செங்கல்பட்டு பக்கம் ஓர் ஏஜென்ட் இருந்தார். பேச்சு சாமர்த்தியம் கிடையாது. ஆனால் பிரீமியம் எந்த மாதத்தில் விழ வேண்டும் என்று கேட்காமல் பாரம் எழுத மாட்டார். மறைமலை நகர், ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை என்றால் தீபாவளி போனஸ் வருகிற மாதம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் ஜூன் மாதம் கூடவே கூடாது. அதே நிதியாண்டுக்குள் பாலிசி தொடங்கும் தேதியை முன்தேதியிட்டு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதை வைத்து மாதத்தைப் பொருத்துவார். அவருடைய பாலிசிகள் லேப்ஸ் ஆனது மிகக் குறைவு. ஜூன் மாதம் பீஸ் கட்டுவதா பிரீமியம் கட்டுவதா என்ற கேள்வி அவர் வாடிக்கையாளர்களுக்கு வந்ததே இல்லை.

இப்போது ஆட்டோ டெபிட் வந்துவிட்டது, ஏஜென்ட் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள். நியாயம்தான். ஆட்டோ டெபிட் வந்தது பெரிய உதவி, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கில் பணம் இல்லாமல் பிரீமியம் திரும்பினால் மெஷின் ஒரு குறுஞ்செய்தி அனுப்பும், அவ்வளவுதான். ஏன் திரும்பியது என்று அதற்குத் தெரியாது.

நம் வட்டாரத்தில் அந்த 'ஏன்' முக்கியம். மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022ல் நிறுத்தியது. நேரடி வேலை போனவர்கள் ஒரு பக்கம், அதை நம்பிய உதிரிபாகக் கம்பெனிகள் இன்னொரு பக்கம். வேலை போனால் கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் அன்றோடு போகும். சொந்தமாக எடுத்த பாலிசிக்குப் பணம் கட்டுவதும் கஷ்டம். குடும்பத்துக்குப் பாதுகாப்பு மிக அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் இரண்டும் ஒன்றாகப் போகிறது. அந்தச் சமயத்தில் ஒரு போன் வந்தால் எவ்வளவோ செய்யலாம். வருடப் பிரீமியத்தை மாதமாக மாற்றலாம். குறிப்பிட்ட காலம் கட்டியிருந்தால் பெய்டு-அப் ஆக்கி, குறைந்த தொகைக்காவது பாலிசியை வைத்துக்கொள்ளலாம். லேப்ஸ் ஆனாலும் யூலிப் அல்லாத பாலிசியை ஐந்து வருடத்துக்குள், யூலிப்பை மூன்று வருடத்துக்குள் உயிர்ப்பிக்கலாம். எண்டோமென்ட், மணி பேக் இரண்டையும் விட்டுவிட்டு டேர்ம் பாலிசியை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஏஜென்ட்டுக்கு அன்றைக்கு நஷ்டம்தான். ஆனால் அந்தக் குடும்பம் மறுபடி வேலை கிடைத்ததும் யாரிடம் போகும், தன் தெருவில் யார் பெயரைச் சொல்லும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மில் பலருக்கு இந்தப் போன் வராது. காரணம் எளிது. நாம் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து இங்கே வீடு வாங்கியவர்கள். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ யாரோ போட்ட பாலிசி. போட்டவர் தொழிலை விட்டிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். ஏஜென்ட் இல்லாத பாலிசிக்குத் துறையில் 'அனாதை பாலிசி' என்றே பெயர். அதில் பழைய முகவரி இருக்கும், பழைய போன் நம்பர் இருக்கும், நாமினி கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய அம்மா பெயராக இருக்கும். பாலிசி பாண்டு ஊரில் பீரோவில் இருக்கும். நாளைக்கு ஒன்று ஆனால் உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ பாலிசி எண்கூடத் தெரியாது. சர்வீஸ் கிளையை உங்கள் பக்கத்துக் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம், எல்.ஐ.சி. என்றால் செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் கிளை இருக்கிறது. போன் நம்பர், வங்கிக் கணக்கு, நாமினி மூன்றையும் ஒரே நடையில் சரிசெய்துவிடலாம். இது ஒரு சனிக்கிழமை வேலை கூட இல்லை. யாரும் செய்வதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது எத்தனை வீடுகளில் பத்திரங்கள் நனைந்து போயின என்பது உங்களில் சிலருக்கு நேரில் தெரியும். கிளைம்களை விரைவாக, எளிய முறையில் முடிக்கச் சொல்லி அப்போது ஒழுங்குமுறை ஆணையமே நிறுவனங்களுக்குச் சொன்னது. ஆனாலும் தன்னிடம் பாலிசி எண்ணை எழுதி வைத்திருந்த ஏஜென்ட் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அலைச்சலில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

விற்பனையைப் பற்றிப் பேசுவதானால், ஒரு தெருவில் மிகப் பெரிய விற்பனை நடப்பது கிளைம் செக் வந்த மாதத்தில். ஒரு வீட்டில் பணம் ஒழுங்காக வந்தால் பக்கத்து வீடுகள் தாமாகவே கேட்கும். வராமல் போனால் அந்தத் தெருவில் பத்து வருடத்துக்கு யாரும் விற்க முடியாது. பெரும்பாலும் இது முடிவாவது பாரம் எழுதும் நாளில். சர்க்கரை இருக்கிறது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நீங்கள் சொல்ல, "அதெல்லாம் வேண்டாம் சார், மெடிக்கல் கேட்பாங்க, லேட்டாகும்" என்று உங்கள் நண்பர் சொன்னால், அவர் அந்த நிமிடமே உங்கள் குடும்பத்துக்கு எதிராக ஒரு கையெழுத்து வாங்குகிறார். காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவுப்படி மூன்று வருடம் கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் இறப்பு நேர்ந்தால் விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரி சீட்டு வரைக்கும் தேடுவார்கள்.

இன்னொரு வகைப் பழக்கமும் உண்டு. "முதல் பிரீமியத்தில் பாதி நான் கட்டிவிடுகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்." மார்ச் கடைசியில் இதைக் கேட்காதவர்கள் இங்கே குறைவு. அதே சட்டத்தின் 41வது பிரிவு இதைத் தடை செய்கிறது. கொடுத்தவருக்கு மட்டுமில்லை, வாங்கிக்கொண்டவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். பாதிப் பணத்தில் வாங்கிய பாலிசிக்கு அடுத்த வருடம் முழுப் பணம் கட்ட மனசு வருமா? 13வது மாதத்தில் விழுகிறவற்றில் இந்த மார்ச் மாதப் பாலிசிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரசும் இப்போது இந்தக் கோணத்தில் யோசிக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2024 டிசம்பர் 9 அன்று பானிபட்டில் பிரதமர் தொடங்கி வைத்த 'பீமா சகி' திட்டம். பத்தாவது படித்த, 18 முதல் 70 வயது வரையுள்ள பெண்கள் எல்.ஐ.சி. ஏஜென்ட் ஆகலாம். முதல் வருடம் மாதம் 7,000, இரண்டாம் வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000 ரூபாய் உதவித்தொகை, கமிஷன் தனி. முதல் வருடம் குறைந்தது 24 பாலிசி விற்க வேண்டும். இரண்டாம் வருட உதவித்தொகைக்கு நிபந்தனை வேறு மாதிரி: முதல் வருடம் விற்றதில் நூற்றுக்கு 65 பாலிசிகளாவது நடப்பில் இருக்க வேண்டும். நம் குடியிருப்பிலும் இதில் சேரலாமா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஒன்று மட்டும் சொல்வேன். முதல் 24 பாலிசிக்கு அக்கா, நாத்தனார், பக்கத்து பிளாட் போதும். அந்த 65க்கு அது போதாது. அவர்கள் வருமானத்துக்கு எது தாங்கும் என்று பார்த்து, பெரிய பிரீமியத்துக்கு ஆசைப்படாமல் போட்டால் தாங்கும்.

வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கடனோடு சேர்த்து ஒரே தவணைப் பிரீமியமாக ஒரு காப்பீட்டை வங்கியில் சேர்த்திருப்பார்கள். அந்தப் பிரீமியமும் கடனில் ஏறி அதற்கும் வட்டி ஓடும். கடனுக்குக் காப்பீடு அவசியம்தான், ஆனால் அவர்கள் காட்டியதைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. தனியாக டேர்ம் பாலிசி எடுத்தால் கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் அது உங்களோடு வரும். புதிதாக எது எடுத்தாலும் பாண்டு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் உண்டு. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சிறு கழிவு போக மீதி வரும். புகார் என்றால் முதலில் நிறுவனத்திடம், அங்கே தீராவிட்டால் தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

உரை முடிந்ததும் பி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வியையும் பதிலையும் இங்கே சேர்க்கச் சொன்னார்கள்.

"என் வீட்டுக்காரரோட தம்பியே ஏஜென்ட். வேண்டாம்னு எப்படி சொல்றது?"

வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அம்மா. மூன்று கேள்வி கேளுங்கள். போன வருடம் நீங்கள் போட்ட பாலிசிகளில் எத்தனை பேர் இரண்டாவது பிரீமியம் கட்டினார்கள்? இதே பிரீமியத்தில் டேர்ம் பாலிசி எடுத்தால் எவ்வளவு தொகைக்குக் கிடைக்கும்? எங்கள் பழைய பாலிசி எல்லாவற்றுக்கும் நாமினி மாற்றி, முகவரி மாற்றி இந்த மாதத்துக்குள் கொடுக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்குக் கமிஷன் கிடையாது. அதைச் செய்து கொடுத்துவிட்டு அவர் திரும்ப வந்தால், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்து, என்ன பாலிசி என்று கேளுங்கள்.